என் முறைத் தண்ணீர்

1

இந்த வருடமும் மே மாதம் முடியுமுன்னே புல் பழுத்துவிட்டது.

ஜேர்மனிக்கு வந்த புதிதில் இந்தப் புல்தான் எனக்கு எரிச்சல். யாரும் ஊற்றாமல், யாரையும் கேட்காமல், ஆண்டு முழுக்கப் பச்சையாக நிற்கும். அகதி முகாமின் யன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டே இருக்கும். மழை பெய்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதை எப்போது நிறுத்தினோமோ அப்போதுதான் நாங்கள் இங்கே குடியேறினோம். இப்போது மறுபடி சொல்லத் தொடங்கியிருக்கிறோம். பஸ் நிறுத்தத்தில் முன்பின் தெரியாத ஜேர்மன்காரர் வானத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார். மேகத்தைப் பற்றி இரண்டு சொல் பேசிவிட்டுப் பிரிகிறோம். முப்பது வருடத்தில் கிடைக்காத பேச்சுத்துணை.

நான் இருப்பது லிப்பே ஆற்றை ஒட்டிய சிறிய நகரம். ஊர் எல்லையில், மூடப்பட்ட நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவுமேட்டுக்குப் பின்னால், வேலியடைத்த சிறு தோட்டங்கள் வரிசையாக இருக்கின்றன. ஒரு சங்கம் அவற்றைக் குத்தகைக்குக் கொடுக்கிறது. எனக்கும் ஒரு துண்டு. கத்தரி, பயிற்றங்காய், குளிர் விட்டால் கொஞ்சம் மிளகாய். எல்லாத் தோட்டத்துக்கும் பொதுவாக ஒரு கிணறு உண்டு. அதற்கு இரும்பு மூடி, மின்சாரப் பம்பு, பூட்டு. உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று கண்ணால் காணாமல் அதை எடுப்பது எனக்கு நெடுநாள் கூச்சமாக இருந்தது.

வெயில் ஏறியதும் மாவட்ட நிர்வாகம் கட்டளை போட்டது. பகலில் யாரும் நிலத்தடி நீரை இறைக்கக் கூடாது. மாலையிலும் அளவோடுதான். சங்கம் கூடி முறை வகுத்துப் பலகையில் எழுதி வைத்தது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் கிழமையில் ஒரு மாலை, ஒரு மணித்தியாலம். எனக்கு வெள்ளிக்கிழமை. அந்தப் பலகையைப் பார்த்ததும் எனக்கு ஏற்பட்ட நிம்மதியை யாருக்கும் சொல்லவில்லை. இந்த நாட்டில் எனக்கு யாரும் சொல்லித்தராமலே விளங்கிய முதல் ஒழுங்கு அது.

ஒரு வெள்ளிக்கிழமை ஊன்ட்றொப் அம்மன் கோயிலுக்குப் போகவேண்டியிருந்தது. கோயிலுக்குப் பக்கத்துக் கால்வாய் கரைமட்டத்துக்குத் தண்ணீரோடு இருந்தது. கப்பல் ஓடவேண்டும், அதனால் அதைக் குறையவிடமாட்டார்கள். சனம் குனிந்து கைநிறைய அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டது. புறப்படுமுன் நான் பக்கத்துத் தோட்டத்துத் திருமதி பெக்கரிடம், என் முறையையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். அவருடைய அவரைக்கொடிகள் வாடிக் கிடந்தன. அவர் நன்றி சொன்ன விதத்தில், நான் ஏதோ வீடு எழுதிக்கொடுத்ததுபோல் இருந்தது.

மறுநாள் காலை சங்கத் தலைவர் நொவாக் வேலியருகே வந்து நின்றார். முன்னாள் சுரங்கத் தொழிலாளி, பெரிய உடம்பு. கெட்ட செய்தி சொல்லுமுன் தொப்பியைக் கழற்றுவார். கழற்றினார். உங்கள் தண்ணீரைத் திருமதி பெக்கருக்குக் கொடுத்தீர்களா என்று கேட்டார். ஆம் என்றேன், சற்றுப் பெருமையாகவே. அப்படிக் கொடுக்க முடியாது என்றார் அவர். எனக்கு வேண்டாமென்றால் வேறு யாருக்குப் போகும் என்று கேட்டேன். நொவாக் கையிலிருந்த தொப்பியால் நிலத்தைக் காட்டினார்.

"யாருக்கும் போகாது. உள்ளேயே கிடக்கும்."

எங்கள் இருவருக்கும் முதல் எச்சரிக்கை. இரண்டாவது வந்தால் அந்தக் கோடை முழுக்கப் பம்புத் திறப்புக் கிடையாது. சங்கத்தில் சேர்ந்த நாள்முதல் ஒரு எச்சரிக்கையும் வாங்காத திருமதி பெக்கர் ஒரு கிழமை என்னோடு பேசவில்லை.

2

ஊரில் எங்களுடையது பங்குக் கிணறு. வலிகாமத்துச் செம்மண் நிலம். ஆறு பங்காளிகள், ஆறு துண்டுத் தோட்டங்கள், நடுவில் ஒரு கிணறு. காணி கைமாறினால் கிணற்றுப் பங்கும் வாய்க்கால் உரிமையும் காணியோடு போகும். ஒவ்வொருவருக்கும் இறைப்பு முறை உண்டு. உனக்கு இன்றைக்குத் தேவையில்லையென்றால் அடுத்த துண்டுக்காரரிடம் சொல்லிவிடவேண்டும். சொல்லாமல் முறையைச் சும்மா விடுவதுதான் எங்கள் பக்கத்தில் பிழை. பயிர் காயப் பார்த்துக்கொண்டு நின்றான் என்று கதை வரும்.

இதை எழுதும்போது அந்தக் கிணற்றை ஒரு நியாயசபையாக்கிவிடும் ஆசை வருகிறது. அது அப்படி இருந்ததில்லை. அந்தக் கிணற்றுக் கயிற்றை யார் தொடலாம், யார் தள்ளி நின்று கையேந்தவேண்டும் என்பதற்கும் அங்கே ஓர் ஒழுங்கு இருந்தது. எழுத்தில் இல்லாத ஒழுங்கு. முறை வகுத்தவர்களேதான் அதையும் வகுத்தார்கள். தண்ணீர் போதுமான அளவு இருந்த காலத்திலும் எல்லோருக்கும் இருந்ததில்லை.

நான் நாட்டைவிட்டு வெளிக்கிட்ட நாள்முதல் என் முறை பவளம் அக்காவுக்குப் போகிறது. அடுத்த துண்டுத் தோட்டத்துக்காரி, பங்காளிகளில் ஒருத்தி. தன் முறையும் என் முறையும் சேர்த்து அவர் வெங்காயம் வைக்கிறார். இரண்டு பிள்ளைகளைக் கரைசேர்த்தது அந்த வெங்காயம். இப்போது தனியாக இருக்கிறார், அறுபதைத் தாண்டிவிட்டார், இன்னமும் தானே மிசின் போட்டு இறைக்கிறார். நான் இதைத் தானமென்றும் அவர் இதைக் கடனென்றும் நினைத்ததில்லை. நான் இல்லை, தண்ணீர் இருக்கிறது, பக்கத்தில் அவர் இருக்கிறார். அவ்வளவுதான்.

நொவாக் எச்சரித்த அதே கிழமை சிவநேசன் தொலைபேசியில் வந்தான். மாமியின் மகன், எனக்கு மச்சான், அந்தக் கிணற்றில் அவனுக்கும் ஒரு பங்கு. கிணற்றில் பெரிய மோட்டர் பூட்டி, பவுசர் வண்டியில் ஏற்றித் தண்ணீர் விற்கப் போகிறானாம். கிணற்றில் எதைச் செய்வதென்றாலும் எல்லாப் பங்காளியும் ஓம் என்று சொல்லவேண்டும். மற்ற மூன்று பேரும் சொல்லிவிட்டார்கள். பவளம் அக்கா மாட்டேன் என்கிறார். நானும் ஓம் என்றால் அவர் தனித்துப்போவார். தனித்துப்போன ஒரு பெண்ணை ஊர் எப்படி வழிக்குக் கொண்டுவரும் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பவுசருக்கு இறைத்த பிறகு வெங்காயத்துக்கு மிஞ்சாது என்பதும் தெரியும்.

"மச்சான், நீ அங்க இருந்துகொண்டு தண்ணிய என்ன செய்யப்போறாய்?" என்றான். "தீவுப்பக்கம் சனம் குடிக்கத் தண்ணி இல்லாமல் வெறும் பிளாஸ்ரிக் கானோட நிக்குது. இவ வெங்காயத்துக்கு ஊத்துறா. எது நியாயம், நீயே சொல்லு."

அவன் சொன்னது பொய்யில்லை. தீவுகளில் குடிநீருக்கு வரிசையில் நிற்கும் ஆட்களை நானும் அறிவேன். ஆனால் முதலில் வந்து கேட்டிருப்பது பிரதான வீதியில் புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபமும் அதன் நீச்சல் குளமும் என்பதையும் அவனே சொன்னான், அதே மூச்சில், சந்தோசமாக. மறைக்கத் தெரியாதவன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

3

சங்கக் கூட்டம் தோட்டங்களின் நடுவிலுள்ள மரக்கூடத்தில் நடக்கும். பியர் இருக்கும். நான் வடை கொண்டுபோவேன். ஒருமுறை கொண்டுபோகாதபோது, சந்தாவைக் கட்ட மறந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

நொவாக் எச்சரிக்கைகளை வாசித்தார். எங்கள் ஊரில் எப்படி என்று சொல்லலாமா என்று கேட்டுக்கொண்டு எழுந்தேன். கிணறு, பங்கு, முறை, சும்மா விட்டால் வரும் கதை. மெல்ல மெல்லச் சொல்லி முடித்தேன். அமைதியாகக் கேட்டார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டார்: அப்படியென்றால் உங்கள் ஊரில் யாருமே கிணற்றில் எதையும் மிச்சம் விடுவதில்லையா?

சிரிப்பு எழுந்தது. கெட்ட சிரிப்பில்லை. நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

பிறகு பேச்சு வேறு பக்கம் திரும்பியது. நகரத்துக்கு வெளியே தண்ணீர்ப் போத்தல் அடைக்கும் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. அவர்கள் ஆழத்திலிருந்து இரவும் பகலும் எடுக்கிறார்கள், அவர்களுக்கு அனுமதி இருக்கிறது, எங்கள் அவரைக்காய்க்கு மட்டும் ஏன் பூட்டு என்று ஒருவர் மேசையில் அடித்தார். அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறேன் என்றார். இன்னொருவர், ஆட்கள் வந்துகொண்டே இருந்தால் தண்ணீர் எப்படிப் போதும் என்று பொதுவாகச் சொன்னார். என்னைப் பார்க்காமல் சொன்னார். பார்க்காமலிருக்க அவர் எடுத்துக்கொண்ட சிரமம் எல்லோருக்கும் தெரிந்தது. அப்போதுதான் திருமதி பெக்கர் ஒரு கிழமை மௌனத்தைக் கலைத்தார்.

"இவர் எனக்குத் தன் தண்ணீரைத் தந்தார். நீங்கள் இத்தனை வருடத்தில் எனக்கு என்ன தந்தீர்கள்? உங்கள் நாயையா?"

அந்த நாய் அவருடைய செடிகளில் என்ன செய்யும் என்பது சங்கத்துக்கே தெரிந்த விடயம். கூடம் அதிர்ந்தது.

கலைந்த பிறகு நொவாக் என்னோடு வாசலில் நின்றார். காலடியைக் காட்டினார். இதற்குக் கீழே சுரங்கங்கள் தண்ணீரால் நிரம்பிக்கொண்டிருக்கின்றன என்றார். நிலக்கரி எடுத்ததால் நிலம் கீழே இறங்கிவிட்டது. பம்புகள் நிற்காமல் ஓடவேண்டும், இனி என்றென்றைக்கும். நிறுத்தினால் இந்தப் பிரதேசத்தில் பாதி குளமாகிவிடும். மேலே வரும் அந்தத் தண்ணீர் உப்பு. யாருக்கும் வேண்டாத தண்ணீர். தன் தகப்பனும் தகப்பனின் தகப்பனும் ஆயுள் முழுக்கத் தண்ணீரை வெளியே தள்ளியவர்கள் என்றார். தண்ணீர் போதவில்லை என்று தான் ஒருநாள் கூட்டம் வைப்பதை அவர்கள் நம்பவேமாட்டார்கள் என்றார். சிரிக்கவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

4

மகள் ஆரணி ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறாள். நிலத்தடி நீரை அளந்து கணக்கிடும் ஒரு அலுவலகத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். முன்பு வாரம் இரண்டு முறை பேசினாள், இப்போது ஒன்று, அதற்கும் சிலவேளை ரெர்மின் என்று முன்கூட்டியே நேரம் குறிக்கவேண்டியிருக்கிறது. எச்சரிக்கை வாங்கிய கதையைச் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரித்து முடிந்ததும், நொவாக் சொன்னதுதான் சரி அப்பா என்றாள்.

"உங்கட முறை எண்டு ஒண்டு இல்லை அப்பா. மழை போடுறதைத்தான் நீங்கள் எடுக்கிறியள். போட்டதை விடக் கூட எடுத்தா, ஆர் எடுத்தாலும் பிழைதான்."

ஊர்க் கிணற்றைப் பற்றிச் சொன்னேன். அவள் அங்கே ஒரேயொருமுறை போயிருக்கிறாள், பன்னிரண்டு வயதில். தலைக்கிளிப் ஒன்றைக் கிணற்றுக்குள் தவறவிட்டதுதான் அவளுக்கு ஞாபகம். ஆனால் அந்த மண்ணின் வரைபடத்தை வேலை நேரத்தில் எடுத்துப் பார்த்திருக்கிறாள். எனக்குத் தெரியாமல், தானாகவே. அது சுண்ணாம்புக்கல் அப்பா, கீழே முழுக்க ஓட்டை, சுத்திவரக் கடல் என்றாள். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது. மேலே எடுக்க எடுக்கக் கீழே உள்ளது ஏறும்.

மிதந்துகொண்டிருக்கிறது. பத்தொன்பது வயதுவரை நான் குடித்த, குளித்த, இறைத்த தண்ணீர். வெள்ளைக்கல்லின் பொந்துகளுக்குள், கடலின் முதுகில், ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டுபோலக் கிடந்திருக்கிறது. அதன்மேல் நாங்கள் வீடு கட்டினோம், வழக்காடினோம், பதுங்குகுழி வெட்டினோம், ஆட்களைத் தள்ளி நிற்கச் சொன்னோம். யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் காலடியை மெதுவாக வைத்திருப்பேன் என்று தோன்றவில்லை.

"அப்ப உங்கட முறையை ஒருத்தருக்கும் குடுக்காதேங்கோ," என்றாள் ஆரணி. "பவளம் மாமிக்கும் வேண்டாம். நிலத்துக்குள்ள விடுங்கோ."

பிறகு அவளுக்கு வேறு அழைப்பு வந்துவிட்டது.

5

முதலில் மச்சானுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஏலாது என்றேன். மறுமுனையில் கோழி ஒன்று கொக்கரித்துக்கொண்டிருந்தது.

"நல்லது," என்றான். "அங்க இருந்துகொண்டு நீங்கள் ஊரைக் காப்பாத்துங்கோ."

சின்ன வயதுமுதல் நீ, வா, போ என்று பேசியவன். அந்த ஒரு வசனத்தில் என்னை நீங்கள் ஆக்கிவிட்டான். இனிமேல் அதை இறக்கமாட்டான் என்று எனக்குத் தெரிந்தது.

பிறகு பவளம் அக்கா. நான் மாட்டேன் என்று சொன்ன செய்தி அதற்குள் அவருக்குப் போயிருந்தது. உம்மைக் கடவுள் காப்பாத்துவார் தம்பி என்றார். அதோடு வைத்திருக்கலாம். நான் மகள் சொன்னதையும் சொன்னேன். மிதக்கும் தண்ணீர், ஏறும் உப்பு எல்லாவற்றையும். இனி என் முறையை நீங்களும் எடுக்காமல் விட்டால் கிணறு கொஞ்சம் ஊறும் என்றேன். எனக்கே என் குரல் நொவாக்கின் குரல்போலக் கேட்டது.

"ஆருக்கு விடச் சொல்லுறீர்?"

"நிலத்துக்குத்தான் அக்கா."

"நிலத்துக்கு அடியில வேலி இருக்கோ தம்பி?"

அவர் கோபிக்கவில்லை, வெங்காயம் பிடுங்குகிற கையின் வேகத்தில் சொல்லிக்கொண்டுபோனார்: நான் விட்டதை அங்கால் வளவில் குழாய்க்கிணறு இறக்கினவன் உறிஞ்சுவான். உங்கள் நாட்டில் ஒராள் விட்டால் மற்றாளும் விடவேண்டும், சட்டம் இருக்கிறது, பூட்டு இருக்கிறது. இங்கே ஒராள் விட்டால் மற்றாளுக்கு அது லாபம். குடிக்கத் தண்ணீர் என்று தீவுச்சனம் வந்து கேட்டால் என் முறையிலேயே அள்ளிக் கொடுப்பேன், கல்யாண மண்டபத்துக் குளத்துக்குக் கொடுக்கமாட்டேன். தண்ணீர் உப்பாகும் என்று மகள் படித்துச் சொன்னது சரியாக இருக்கும், ஆனால் நான் இறைக்காமல் விட்டு அது நல்லதாகுமென்றால் சொல்லும், நாளைக்கே மிசினைக் கழற்றுகிறேன் என்றார்.

இதை ஆரணியிடம் சொன்னேன். எங்கட கணக்கில வேலி இல்லை அப்பா என்றாள். அவ சொல்லுறதும் சரிதான்.

என் முறை பவளம் அக்காவிடமே இருந்தது.

6

ஆடி பிறக்குமுன் சிவநேசன் தன் சொந்த வளவில் குழாய்க்கிணறு இறக்கினான். பங்குக் கிணற்றிலிருந்து கூப்பிடு தூரம். சொந்த வளவில் குழாய் இறக்க எந்தப் பங்காளியின் ஓமும் தேவையில்லை. நான் ஏலாது என்று சொன்னதால்தான் குழாய் இறங்கியது என்றும் சொல்லலாம், ஓம் என்றிருந்தால் மோட்டர் இறங்கியிருக்கும் என்றும் சொல்லலாம். பவுசர்கள் வந்து போகின்றன. ஒன்று தீவுப்பக்கம் போகிறதாம், மற்றவை வேறெங்கோ. பங்குக் கிணற்றில் தண்ணீர் படிப்படியாகக் கீழே போனது. மற்ற மூன்று பங்காளிகளும் இப்போது பவளம் அக்காவோடு நிற்கிறார்கள். பிரதேச செயலகத்துக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள். பார்க்கிறோம் என்று பதில்.

இங்கே ஆவணியில் மழை வந்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. புல் வெட்கமில்லாமல் பச்சையானது. நொவாக் பூட்டைக் கழற்றிவிட்டார், பலகையும் போய்விட்டது. யாரும் மழையைப் பற்றிப் பேசுவதில்லை. அங்கே மாரிக்கு இன்னும் இரண்டு மாதம் கிடக்கிறது.

தண்ணீரில் உப்புச் சவர் ஏறுகிறதா என்று பவளம் அக்காவிடம் கேட்டேன். வாயில் வைத்தால் தெரியுமா என்றேன்.

"நாக்கு பழகிப்போகும் தம்பி. பருப்புப் பழகாது."

சவர்த் தண்ணீரில் பருப்பு அவியாது. அவர் இப்போது வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு கை பருப்புப் போடுகிறார், அதே சட்டி, அதே அடுப்பு, விறகுக்கு எண்ணி வைத்த பனை மட்டை. அளவுகாட்டும் கருவி ஒன்று ஆரணியிடம் இருக்கிறது, அனுப்பட்டுமா என்று கேட்டாள். பவளம் அக்கா வேண்டாம் என்றார். அதுவும் இதைத்தானே சொல்லப்போகிறது என்றார். வெங்காயத்தைப் பாதித் தோட்டத்துக்குக் குறைத்துவிட்டார். மீதியில் அதிகம் தண்ணீர் கேட்காத குரக்கன் போட்டிருக்கிறார். பிள்ளைகள் கொழும்புக்கு வரச் சொல்கிறார்கள், அவர் போகிறதாயில்லை.

வெள்ளிக்கிழமைகளில் அவருக்குத் தொலைபேசி எடுப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. சுகம் விசாரிப்பதில்லை. நேராகப் பருப்புக்குத்தான் வருவேன். முதற் கிழமை நல்லாய் அவிஞ்சது என்றார். அடுத்த கிழமையும். போன வெள்ளி எடுத்தபோது மூச்சு வாங்கியது அவருக்கு, தோட்டத்திலிருந்து ஓடிவந்து எடுத்திருக்கிறார்.

"அவிஞ்சதோ அக்கா?"

"அவிஞ்சது, தம்பி." அடுப்பில் ஏதோ சரிப்படுத்தும் சத்தம் கேட்டது. "பனை மட்டை ஒண்டு கூடப் பிடிச்சது."